தீப்பெட்டிக்குள் நீர்நாய்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வரவும், புருஷன் ஆற்றிலிருந்து வரவும் சரியாக இருந்தது. முழங்கால் வரை சேறு. கையில் ஒரு தீப்பெட்டி. அவர் அதைப் பிடித்திருந்த பிடியிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தெருவில் அவருக்கு நீர்நாய்க்காரர் என்று பேர். முப்பது வருஷம் குழாய் ரிப்பேர் பார்த்துக்கொண்டே, இந்த ஆற்றோரத்தில் வாழும் பாலூட்டிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்த மனுஷன். கீரிக்கும் முள்ளெலிக்கும் வௌவாலுக்கும் தலைக்கொரு பக்கம். நீர்நாய்க்கு மட்டும் ஆறு பக்கம். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு செல்லம் கொடுத்ததில்லை. எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொடுத்தவள் பெண்டாட்டிதான்.

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. மூன்று வருஷமாக ஆற்றில் ஒரு நீர்நாயையும் யாரும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் புது எச்சமாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆறு பக்கமும் போகும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வாழ்பவை என்று அட்டையில் போட்டுவிட்டு இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்று அவர் கேட்டதிலும் தப்பில்லை. இன்று வியாழன்.

நீர்நாய் எச்சத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, மூக்கு சொல்லவேண்டும் என்பார் புருஷன். மீன் வாடை, அதற்கடியில் லேசாகக் காய்ந்த புல் வாடை. வருஷக்கணக்காக அவர் கொண்டுவந்து நீட்டியதில் அவளுக்கும் அது அத்துப்படி.

"நல்லா மீன் வாடை. நீயே மோந்து பாரு," என்று தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

மோந்து பார்த்தாள். பூனை. பக்கத்து வீட்டுக் குண்டுப் பூனையாகவே இருக்கலாம். வேடிக்கை பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது நிஜமான சந்தோஷம்.

அந்நேரம் பால் தீய்ந்த நாற்றம் குப்பென்று கூடத்துக்கு வந்தது. அவர்பாட்டுக்கு எந்தப் பாறை, எவ்வளவு ஈரம் என்று சொல்லிக்கொண்டே போனார். போன மாதம் திரிந்த பாலை ஒரு சொல் சொல்லாமல் குடித்தாரே, அது ஞாபகம் வந்தது. அதற்குக் கொஞ்சம் முந்தி அவருக்கு வந்த காய்ச்சலுக்குப் பிறகு மனுஷன் குறை சொல்வதையே விட்டுவிட்டார் என்று மகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அட பாவமே, நான் ஒரு மக்கு என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"பால் தீஞ்சு போச்சுங்க," என்றாள்.

"எப்போ?"

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ இது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய புத்தகத்தில் பொய் ஏறுவதற்கு அவள் கை வராது.

"பூனைங்க."

தலையாட்டினார். "அந்தப் பக்கத்தையெல்லாம் எடுத்துடச் சொல்லிடு."

பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய தீப்பெட்டிகளை எடுத்துவந்தார். ஒவ்வொன்றின் மேலும் தேதி, இடம். ஒன்றைத் திறந்து மூக்கருகே வைத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். அப்புறம் அவளிடம் நீட்டினார்.

"இது?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. உள்ளே கொஞ்சம் தூளும் நாலைந்து மீன் செதிலும் கிடந்தன. எந்த வாடையும் இல்லை, வெறும் தீப்பெட்டி வாடைதான்.

"மீன்," என்றாள்.

அவர் அதை மூடி மேசையில் வைத்துவிட்டு, அடுத்ததைத் திறந்து நீட்டினார்.