இரண்டு தோளுக்கு ஒரு கார்டிகன்

நான் வானொலியில் செய்தி வாசிப்பவள். ஊருக்கே என் குரல் தெரியும், முகம் தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. பிறவியிலேயே என் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்தது. அதை மூட ஒரு கறுப்புச் சால்வை. வெயிலோ மழையோ, அது இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை.

திடீரென்று தொலைக்காட்சிக்கு வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை கேமரா முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். சால்வை மட்டும் கூடாதாம்.

"நான் போறதா இல்ல" என்றேன் அண்ணன் வீட்டில்.

"போற. நான் கார்டிகன் பின்னித் தரேன்" என்றார் அண்ணி.

அண்ணிக்குப் பல்செட் செய்கிற தொழில். ஓய்வு நேரத்தில் கையில் குரோஷா பின்னல் ஊசி. எனக்கு அளவெடுக்க வந்தவர், பழைய செய்தித்தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார்.

"அளவுக்கும் இதுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

"வாயை மூடிட்டு இருக்கறப்ப அளவெடுத்தா, பேசும்போது பல்செட் கையில வந்துடும். நீ வாசி."

வாசித்தேன். வாசிக்கும்போது என் இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்குமாம். இத்தனை வருஷம் என் தோளைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சபித்த எனக்கு அது தெரியாது. அண்ணி ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக அளந்தார், இரண்டும் வேறு வேறு ஆட்களுடையது போல.

பின்ன ஆரம்பித்ததும் பார்த்தால், முழுக்க ஓட்டை ஓட்டையாக வலைப் பின்னல். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"மறைக்கத் துணி கேட்டா சல்லடையைத் தர்றீங்களே!"

"மறைக்கறதுக்குத்தான் சால்வை இருக்கே" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை மாலை போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார். போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். வலையின் கட்டங்கள் வரிவரியாக இடது பக்கம் சரிந்து இறங்கின. சால்வை மறைத்ததை இது தண்டோரா போட்டது.

"கேமராவும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்று கழற்றி எறிந்தேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணி அதை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இதுல யாரு கை வச்சது?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். "அலசிக் காயப் போட்டிருந்தியே... ஒரு பக்கம் சின்னதா இருந்துச்சு. சுருங்கிப் போச்சுன்னு நினைச்சு, இழுத்து ரெண்டையும் சமமாக்கி குண்டூசி குத்தி வச்சேன். தங்கச்சிக்கு நல்லா இருக்கட்டுமேன்னு..."

"நல்லா இருந்துச்சு உங்க பாசம்! சின்னதாதான் இருக்கணும்."

அண்ணி கார்டிகனை மறுபடி நனைத்தார். ஈரத்தில் நூல் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. துண்டின் மேல் விரித்து, ஓரங்களை விரலால் நீவிவிட்டார். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நீளம். கழுத்துகூட ஒருக்களித்துக் கிடந்தது. இவ்வளவு கோணலாகவா இருக்கிறேன் என்று எனக்கு வலித்தது. அதற்கு மேல் பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி கூப்பிட்டனுப்பினார். போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். காய்ந்த கார்டிகனைத் தானே மாட்டிவிட்டார்.

"எங்க, வாசி."

வாசித்தேன். இரண்டாவது செய்தியில் கண்ணாடியைப் பார்த்தேன், மூன்றாவது வரவில்லை. கட்டங்கள் அத்தனையும் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு நேராக ஓடின. தோள் தாழ்ந்துதான் இருந்தது. ஓட்டை வழியாக அது நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் கண் அங்கே போய் முட்டவில்லை. கோணலாகக் கிடந்த துணி என் மேல் ஏறியதும் நேராகிவிட்டதே! ஒரு நூலையும் ஊசியையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷியால் இதைச் செய்ய முடியுமா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இடது தோளைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கென்று உலகத்தில் எதுவும் அளவெடுத்துச் செய்யப்பட்டதே இல்லை, இதுவரை.

"ஏன் நிறுத்திட்ட? மிச்சத்தையும் வாசி" என்றார் அண்ணி.

"அதை அங்க போய் வாசிச்சுக்கறேன் அண்ணி" என்று கிளம்பினேன்.

தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னால் அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தான், கையில் என் கறுப்புச் சால்வை.

"மறந்துட்டுப் போறியே!"

அவன் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

"நீயே வச்சுக்கண்ணா. முதல்ல மூக்கைத் தொடைச்சுக்கோ."