கோ சொல்லாத பெண்

"ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்கே?" என்று கிரேஸ் அத்தை கேட்டபோது ஞானசௌந்தரிக்கு வயது ஆறு. பதிமூன்று வயதாகியும் அவள் அதற்குப் பதில் சொன்னபாடில்லை.

அத்தை நேர்மாறு. திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். அங்கே அவள் "ரெண்டு தோசே!" என்று கூவினால் அடுத்த ஊரான திருச்சானூரில் தோசைக்கல்லைக் காயவைப்பார்கள் என்று கேலி பேசுவார்கள். கிறிஸ்துமஸுக்குச் சித்தூர் வந்தவள், தன் தம்பியும் ஞானத்தின் நைனாவுமான இயேசுதாசனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கிளாஸ்ல எழுந்து ஒரு வார்த்த பேசாத பொண்ணுக்குப் படிப்பு எதுக்குடா? பரீச்ச முடிஞ்சதும் என் கடைக்கு அனுப்பு. மாவாட்டறதுக்கு வாய் வேணாம்."

மாந்தோப்புக் காவல்காரனான இயேசுதாசன் அக்கா பேச்சைத் தட்டியதே இல்லை. தலையாட்டினான். வேண்டாம் என்ற சொல் ஞானத்தின் தொண்டைவரை வந்து அப்படியே திரும்பிப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் ஓட்டம். டிரில் டீச்சர் மனோரமா அவளைக் கோகோ டீமில் சேர்த்திருந்தாள். சைக்கிளில் பள்ளிக்கூடம் வருகிறவள் மனோரமா. கிண்டல் செய்கிற பையன்களைப் பார்த்து அவளே முதலில் மணி அடிப்பாள்.

ஆனால் கோகோவுக்குக் கால் மட்டும் போதாது. துரத்துகிறவள், வரிசையாகக் குந்தியிருக்கும் தோழிகளில் ஒருத்தியின் முதுகைத் தட்டி 'கோ' என்று உரக்கச் சொல்லவேண்டும். அப்போதுதான் அவள் எழுந்து துரத்தலாம். ஞானம் தட்டுவாள், உதடு அசையும், சத்தம் மட்டும் வராது. உடனே விசில். ஃபவுல்.

"முதுகுல தந்தியா அடிக்கிறே? சொல்லித் தொலைடி!" என்பாள் குந்தியிருக்கிற ஜெயகுமாரி.

மாசி பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பு வழியே சைக்கிளில் போன மனோரமா, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிய பெங்களூரா மாங்காய் ஒன்றைப் பார்த்தாள். நாக்கு ஊறிற்று. கையை நீட்டியதுதான் தாமதம்.

"ஏய்ய்! யார்ரா அது! கைய எடு! ஒடிச்சேன்னா புத்தூருக்குத்தான் போவணும் கட்டு போட!"

மரக்கிளையிலிருந்து இடி மாதிரி இறங்கிய குரலில் மனோரமா சைக்கிளோடு சரிந்தாள். மேலே கிளி ஓட்ட உட்கார்ந்திருந்தது ஞானம். யாரென்று தெரிந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மனோரமாவோ மண்ணில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி, இந்தத் தொண்டைய எங்கடி ஒளிச்சி வச்சிருந்தே?"

சத்தம் கேட்டுக் குடிசையிலிருந்து இயேசுதாசனும், அன்றைக்கு வந்திருந்த அத்தையும் ஓடிவந்தார்கள். பேச்சோடு பேச்சாக இட்லிக்கடை விஷயம் வெளியே வந்தது.

"இந்தக் குரல் இருக்கற பொண்ணையா மாவாட்ட வைக்கப் போறீங்க?" என்றாள் மனோரமா.

"கிளிகிட்ட கத்தறது ஒரு பெருமையா? ஆளுங்க எதிர்ல கத்தட்டும், பாக்கலாம்," என்றாள் அத்தை.

"அடுத்த மாசம் உங்க ஊர்லதான் மேட்ச். வந்து பாருங்க. வாயத் தொறந்தாள்னா படிக்கட்டும்."

"தொறக்கலன்னா?"

மனோரமா ஞானத்தைப் பார்த்தாள். "கையோட உங்க கடைக்கே கூட்டிக்கினு போங்க."

அதற்கப்புறம் சாயங்காலப் பயிற்சி மாந்தோப்பில்தான். டீம் முழுக்கக் கிளி ஓட்டிற்று. இயேசுதாசனுக்குக் கொண்டாட்டம். மரங்களுக்கு நடுவே ஞானத்துக்குக் 'கோ' நன்றாகவே வந்தது. மைதானத்துக்குப் போனால்தான் ஊமையாகிவிடுவாள்.

மேட்ச் நாளும் வந்தது. திருப்பதி மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே ஒரே கூட்டம். அத்தை குடையும் பையுமாக முன்வரிசையில் நின்றாள். அவள் பின்னால், மகளைப் பார்க்கவும் பயந்துகொண்டு நைனா.

முதல் தட்டு. சத்தமில்லை. விசில். இரண்டாவது தட்டு. மறுபடி விசில்.

"மூகதி! மூகதி!" என்று எதிர் டீமின் ஓட்டக்காரி தெலுங்கில் ஊமைப் பட்டம் கட்டி, துரத்துகிறவள் தாண்டக்கூடாத நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்திலேயே நின்று ஆடிக் காட்டினாள்.

"நா சொல்லல?" என்றாள் அத்தை, ஊருக்கே கேட்க.

ஞானத்தின் கண் நிறைந்தது. கலங்கிப்போய் டீச்சரைத் தேடினாள். மனோரமா கத்தவில்லை, சைகை காட்டவில்லை. கைப்பையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்தாள். அதே பெங்களூராக் காய், தோப்புக் காய். ஞானத்தின் கண்ணையே பார்த்தபடி நறுக்கென்று ஒரு கடி கடித்தாள். நைனா காவல் காக்கிற காய்! புளிப்பில் ஒரு கண் மூட, இரண்டாவது கடியும் கடித்தாள்.

ஞானத்துக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா? எதுவோ வந்தது. ஜெயகுமாரியின் முதுகில் அறைந்தாள்.

"கோ!"

ஜெயகுமாரி திடுக்கிட்டுத் துள்ளி எழுந்தாள். ஆடிக் காட்டியவள் என்னவோ ஏதோ என்று அசையாமல் நின்றுவிட்டாள். ஜெயகுமாரி சாவகாசமாகப் போய் அவளைத் தொட்டாள். அதற்குப் பிறகு ஞானம் விட்ட ஒவ்வொரு 'கோ'வுக்கும் கூட்டம் சேர்ந்து கத்திற்று.

ஒரு பாயிண்டில் தோற்றார்கள். ஆனாலும் நடுவர் முதல் சோடா விற்கிறவர்வரை எல்லோரும் கேட்டது, அந்தத் தொண்டைக்காரப் பொண்ணு எந்த ஊரு என்றுதான்.

அத்தை கயிற்றைத் தாண்டி வந்து ஞானத்தின் கையைப் பிடித்தாள்.

"கோன்னு ஒரு எழுத்து. அதெல்லாம் ஒரு பேச்சா? கெளம்புடி, கடையில ஆளில்ல."

மனோரமா வாயைத் திறந்தாள். ஞானத்தின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ஞானம் கையை உருவிக்கொண்டாள்.

"அத்தே! நா வரல! நா படிக்கப் போறேன்! என் வாயில கொழுக்கட்டயும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. கிண்டல் செய்த திருப்பதிப் பெண்தான் முதலில் கைதட்டினாள். நைனா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அத்தை தம்பியைப் பார்த்தாள், டீச்சர் கையிலிருந்த பாதி மாங்காயைப் பார்த்தாள். பிறகு பையைத் துழாவி, வாழையிலையில் கட்டியிருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்து ஞானத்தின் கையில் வைத்து அழுத்தினாள். குடையை விரித்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.