ஸ்டே வக்கீல் போட்ட ரோடு

மனிதகுலத்தின் வரலாற்றைப் பிற்காலத்தில் யாராவது உட்கார்ந்து எழுதினால், அந்த வியாழக்கிழமைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். அன்று காலை பதினொன்று நாற்பதுக்கு, விரித்த குடைகளும் அலறிய ஒலிபெருக்கியும் சாட்சியாக, எங்கள் ஊர் ஸ்டே வக்கீல் சாலைகள் துறை அமைச்சராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். பிரமாணத்தின் வாசகத்தில் சட்டப்படி இரண்டு ஓட்டைகள் இருப்பதை அங்கேயே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்.

முப்பது வருடம் கறுப்புக் கோட்டுப் போட்ட மனிதர். வழக்கில் ஜெயிப்பது, தோற்பது எல்லாம் அவர் கண்ணில் பாமரத்தனம். இடைக்காலத் தடை வாங்குவதுதான் கலை. கோர்ட் வாசலில் அதற்கு ஸ்டே என்று பெயர். வீட்டை இடிக்க வருகிறார்களா, ஸ்டே. வேலையை விட்டுத் தூக்குகிறார்களா, ஸ்டே. ஒரு மனமகிழ் மன்றத்தின் தேர்தலையே ஆறு வருடம் நிறுத்திவைத்தார். அதற்குள் வேட்பாளர்களில் இருவர் காலமாகிவிட, மிச்சமிருந்தவர் போட்டியின்றித் தேர்வானார். அவர் இன்றும் வக்கீலைப் பார்த்தால் எழுந்து நிற்பார்.

அரசியலுக்கும் இதே வழியில்தான் வந்தார். கட்சி இரண்டாக உடைந்த அன்று, தலைமை அலுவலகத்துக்குப் பூட்டுப் போட மறு அணி ஊர்வலமாகக் கிளம்பியது. ஊர்வலம் கடைசித் தெருவுக்குள் திரும்புவதற்குள் நம்மவர் ஸ்டேயோடு வாசலில் நின்றார். கட்சிக்கு நன்றி உண்டு. தேர்தலில் நிற்க இடம் கொடுத்தது. எதிர் வேட்பாளரைவிட இவர் குறைவாகப் பேசுவார் என்று நம்பி ஜனங்களும் ஓட்டுப் போட்டார்கள். நம்பிக்கைக்கு யார் ஸ்டே வாங்க முடியும்?

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதவியேற்ற அன்று மாலை வீடு முழுக்க வாழ்த்துக் கடிதம். அத்தனையையும் ஓரமாக ஒதுக்கி உட்கார இடம் பண்ணிக்கொண்டு டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏங்க, ரோடுன்னா போய்க்கிட்டே இருக்கணும். உங்களுக்கு நிறுத்தத்தானே தெரியும்?”

அமைச்சர், பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்பவர் முகத்தோடு உள்ளே போய்விட்டார்.

அமைச்சருக்குக் கொடுத்த அறை நீளமானது. மனுவோடு வருகிறவர் கதவிலிருந்து மேஜைக்கு நடந்து வருவதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிடும், கட்டியவர் விவரமானவர். பழைய குமாஸ்தா இப்போது அமைச்சரின் நேர்முக உதவியாளர். பெயர் மாறியதே தவிர, எந்தக் கோப்பைக் கண்டாலும் வெள்ளை நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடும் பழக்கம் மாறவில்லை. அவசரம், மிக அவசரம் என்று அதிகாரிகள் ஒட்டிவைத்த வண்ணச் சீட்டுகளெல்லாம் அந்த நாடாவுக்குள் நசுங்கிச் செத்தன.

முதல் வாரமே கட்சித் தலைவர் கூப்பிட்டனுப்பி, சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். ஆஸ்பத்திரியையும் ரயில் நிலையத்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் சாலை மூன்று ஆட்சிகளாக முடியாமல் கிடக்கிறது. மூன்று மாதத்தில் அதைத் திறந்தால் நாற்காலி இருக்கும். இல்லையென்றால் நாற்காலி இருக்கும், அதில் வேறு ஆள் இருப்பார்.

சாலை உண்மையில் போட்டு முடிந்துதான் இருந்தது. இரண்டு முனையிலிருந்தும் வழவழவென்று வந்து, நடுவில் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையின் இரண்டு பக்கச் சுவரிலும் முட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டு அடி அகலக் கடை. அதை இடிக்கக் கூடாதென்று பதினொரு வருடமாகக் கோர்ட் ஸ்டே. துறைச் செயலர் அந்த வழக்குக் கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது தூசி பறந்து அமைச்சர் தும்மினார்.

“எந்த வீணாப்போனவன்யா இந்த ஸ்டேயை வாங்கினது?” என்று கேட்டபடி மனுவைப் பிரித்தார்.

முதல் பக்கத்தில் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான்காம் பக்கத்தில் தலை தானாக ஆட ஆரம்பித்தது. நல்ல பாட்டுக் கேட்கிறவர் மாதிரி தொடையில் விரல் தாளம் போட்டது. “இவன் வேலைக்காரன். எங்கேயும் கையே வைக்க முடியாதபடி கட்டியிருக்கான்” என்று செயலரிடம் சொல்லிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே அவர் கையெழுத்து இருந்தது.

குமாஸ்தா மின்விசிறியைப் பார்த்தார். “அப்பவே சொல்லியிருப்பேன் சார். நீங்க அவ்வளவு ரசிச்சுப் படிக்கிறப்ப நடுவுல பேசறது மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

ஆயிரக்கணக்கான ஸ்டே வாங்கிய கைக்கு ஒரு சைக்கிள் கடை ஞாபகமிருக்க நியாயமில்லை. மனுவின் சாரம் இவ்வளவுதான்: ஒருவர் இடத்தை எடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று துறை நேரில் கேட்க வேண்டும். அதற்கான நோட்டீஸைத் துறை பக்கத்து டயர் கடையில் கொடுத்துவிட்டது. டயர் கடைக்காரரும் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி, மேஜை ஆடாமலிருக்கக் காலுக்கடியில் மடித்து வைத்துவிட்டார். சைக்கிள் கடைக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நோட்டீஸ் கதவு மாறிப் போய்விட்டது, தப்பு எங்களுடையது என்று துறை ஒரு வரி எழுதினால் வழக்கு அன்றே முடிந்து, நோட்டீஸிலிருந்து மறுபடி தொடங்கலாம். அந்த ஒரு வரிக்குத்தான் பதினொரு வருடமாகக் கை கிடைக்கவில்லை. மாறி மாறி வந்த ஒன்பது அதிகாரிகளும், டயர் கடையும் சைக்கிள் கடையும் தத்துவரீதியில் ஒன்றே என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

ஸ்டேயை உடைத்துக் காட்டுகிறேன் என்று, வழக்கை உடனே எடுக்கக் கேட்டுக் கோர்ட்டில் மனுப் போடவைத்துவிட்டு, அமைச்சரே களத்தில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வீட்டு அறையில் பதில் மனு எழுதினார். உள்ளே இரண்டு குரல் கேட்பதாக டீச்சர் குமாஸ்தாவிடம் சொன்னார். ஒரு குரல் துறையின் நியாயத்தை அடுக்கும். உடனே இன்னொரு குரல், கேலியாக, அதைத் தூள் தூளாக்கும். மத்தியானத்துக்குள் அமைச்சர் அமைச்சரிடம் ஏழு முறை தோற்றிருந்தார். சாப்பிட வந்தபோது முகத்தில் வருத்தமும் பெருமையும் சம அளவில் இருந்தன.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் சைக்கிள் கடைக்காரரே வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், நகக்கண்ணில் கறுப்பு மசகு. அமைச்சரானதும் வழக்குகளை எல்லாம் ஜூனியரிடம் ஒப்படைத்தாயிற்று. ஆனால் ஜூனியர் வாதாடினால் தனக்கே தூக்கம் வருவதாகக் கடைக்காரருக்கு ஒரு குறை. நீள அறையை நிதானமாக நடந்து முடித்து, மேஜைமேல் கோர்ட் காகிதத்தை வைத்தார்.

“வக்கீலய்யா, கவர்ன்மென்ட்டு மறுபடி ஆரம்பிச்சிட்டாங்க. புதுசா எவனோ மந்திரி வந்திருக்கானாம். என் கடையை இடிச்சுட்டுத்தான் மறுவேலைன்னு நிக்கிறானாம்.”

அமைச்சர் மெதுவாகச் சொன்னார். “அந்த எவனோ நான்தாம்ப்பா.”

“தெரியும்யா. வாசல்லதான் இவ்வளவு பெருசா போர்டு வெச்சிருக்கீங்களே. அதான் உங்ககிட்டயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.” கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “அந்தாளை விட்றாதீங்க. ஒண்ணுமே கேக்காம இடிச்சுட்டா, இந்த வயசுல நான் எங்க போய் உக்காருவேன்?”

வணக்கம் சொல்லிவிட்டு, வந்த தூரத்தைத் திரும்ப நடந்து போனார். செயலர் என்னவோ கேட்டார். அமைச்சர் காதில் விழவில்லை.

அன்று மாலை டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அமைச்சர் எதிரில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்த கதை மாதிரி விஷயத்தைச் சொன்னார். அந்த வரியை எழுதினால் துறையின் மானம் போகும், தலைவர் சிரிக்காமல் பேசுவார், நோட்டீஸ், விசாரணை என்று முதலிலிருந்து தொடங்கினால் மூன்று மாதமும் போய்விடும் என்றெல்லாம் விளக்கினார். டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தப்பாப் போட்ட கணக்க ஒரு கோடு அடிச்சுட்டுத் திரும்பப் போடணும். எட்டாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியுது. உங்க டிபார்ட்மென்ட்டு பதினோரு வருஷமா ரப்பர் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கு. தாள் கிழிஞ்சதுதான் மிச்சம்.”

அமைச்சர் அங்கேயே, டீச்சரின் சிவப்புப் பேனாவை வாங்கி, அந்த ஒரு வரியை எழுதினார். மறுநாள் செயலர் அதைப் படித்துவிட்டு, துறை உண்டான நாளிலிருந்து இதற்கு முன்மாதிரியே இல்லை என்றார். அப்படியானால் இனிமேல் இருக்கும் என்றார் அமைச்சர். கட்சிக்காரர்கள் யாரும் கூட இல்லாததால் இந்த மகத்தான வாக்கியம் கைதட்டல் இல்லாமலே வீணாயிற்று.

கோர்ட்டில் அரசு வக்கீல் அந்த வரியை வாசித்தபோது, நீதிபதி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று அரசு வக்கீலை விசாரித்தார். சட்டப்படி சைக்கிள் கடைக்காரரை நேரில் கேட்டுவிட்டு அப்புறம் எதையும் செய்யுங்கள் என்று தீர்ப்பாயிற்று. அமைச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் துறை தோற்றதைப் பார்த்தார். பதவிக்கு வந்த பிறகு அவர் ஜெயித்த முதல் வழக்கு அது.

விசாரணைக்குத் தானே போவதாகப் பிடிவாதம் பிடித்தார். கிளம்பும்போது கை பழக்கத்தில் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டது. டீச்சர் பார்த்துவிட்டு, இன்றைக்கு எந்தக் கட்சிக்காரருக்கு ஆஜராகிறீர்கள் என்று கேட்டார்.

கடையில் உட்கார ஒரு மரப்பெட்டிதான் இருந்தது. அமைச்சர் அதில் உட்கார்ந்தார். தலைக்குமேல் டியூபுகள் தொங்கின. பக்கத்தில் குமாஸ்தா நிற்க, செயலர் நின்றபடி எழுதத் தயாரானார். கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் காத்திருப்பதால் வேலையை நிறுத்த முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்.

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டார். “உனக்கு என்னப்பா வேணும்?”

“அதோ, எதிர்ப்பக்கம் ஸ்கூல் சுவரோரமா ஒரு பன்னெண்டடி குடுங்க, போதும். புள்ளைங்க சைக்கிளெல்லாம் அங்கதான் வருது. இங்க ரெண்டு பக்கமும் ரோடு முட்டி நிக்குது, எப்பவாவது ஒரு வண்டி வந்தாத்தான் உண்டு.”

செயலரின் பேனா நின்றது. அந்தச் சுவரோரம் துறைக்குச் சொந்தமான இடம். தார் டிரம்முகள் போட்டுவைத்திருந்தார்கள்.

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“கவர்ன்மென்ட்டு கேக்கலீங்களே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

கடைக்காரர் குமிழி வந்த இடத்தைக் கட்டை விரலால் பொத்திக்கொண்டார். 

“சொல்லத்தாங்க மொத நாள் வந்தேன். ‘அய்யா, எனக்கு அந்தப் பக்கம்’னு ஆரம்பிச்சேன். நீங்க நோட்டீஸைப் படிச்சுட்டு, ‘ஒண்ணும் பேசாத, ஒரு இஞ்ச் நகராத, நான் பார்த்துக்கறேன்’னு என் முதுகுல தட்டுனீங்க. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க மனசு வரலீங்க.”

அமைச்சர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா மின்விசிறியைத் தேடினார். அந்தக் கடையில் மின்விசிறி இல்லை. அமைச்சர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைவர் கொடுத்த மூன்று மாதத்தில் இன்னும் நாள் மிச்சமிருந்தது. கடையைப் பிரித்து எதிர்ப்பக்கம் மாட்ட ஒன்றரை நாள் ஆயிற்று.