ஃபாத்திஹாவின் குட்டைப் பனை

பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் நாலாம் மாடியில் குடியிருந்த மடுத்தீனுக்குச் சீனி வருத்தம். மூன்றாம் மாடி ஃபாத்திஹாவுக்கும் அதே வருத்தம். ஆகஸ்டில் அல்ஜீரியாவிலுள்ள தன் ஊருக்குப் போகுமுன் அவர் ஒரு தொட்டியைத் தூக்கிவந்து மடுத்தீனிடம் ஒப்படைத்தார். தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பனை. தங்கள் மலைகளில் தானாக முளைப்பது, ஓலையை அவித்துக் குடித்தால் சீனி இறங்கும், பழம் வயிற்றோட்டத்தை நிறுத்தும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றச் சொன்னார்.

"இது பனையெண்டா எங்கடை பனை என்ன, கோபுரமோ?" என்று மடுத்தீன் மனைவி இராசமலரிடம் சிரித்தார். மறுநாள் காலையில் ஓர் ஓலையை வெட்டி அவித்தார். வாயில் வைக்க முடியாத கசப்பு. பனைக்குப் பனைதான் பொருத்தம் என்று தமிழ்க் கடைத்தெருவான ரூ காயில் இனிப்புக்குப் பனங்கட்டி வாங்கிவந்து, அதைக் கடித்துக் கடித்துக் குடித்தார்.

மாதக் கடைசியில் இரத்தம் சோதித்தபோது சீனி ஏறியிருந்தது. தொட்டியில் ஓலை ஒன்றுகூட மிச்சமில்லை. ஃபாத்திஹா அடுத்த நாள் வருகிறார்.

"அந்த மனுசியைக் கேட்டுப்போட்டு வெட்டியிருக்கலாமெல்லோ?" என்றாள் இராசமலர்.

மடுத்தீன் வீட்டிலிருந்த நாலு பனையோலை விசிறிகளை எடுத்து, மொட்டைத் தண்டுகளில் நூலால் கட்டினார். ஓரத்துச் சிவப்புச் சாயத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

தொட்டியைக் கண்டதும் ஃபாத்திஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னிடம் இது இப்படிச் செழித்ததே இல்லை என்று மடுத்தீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டு கிழமை கழித்து, பரிசோதனைத் தாளோடு ஓடி வந்தார். நாலு ஓலையையும் அவித்துக் குடித்தாராம். தண்ணீர் சிவந்ததாம். சீனி நன்றாக இறங்கிவிட்டதாம்.

மடுத்தீனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. உண்மையைப் பிரெஞ்சில் கொட்டினார். விசிறிக்குச் சொல் வராமல், முகத்துக்கு நேரே கையை வீசிக் காட்டினார்.

ஃபாத்திஹா தானும் முகத்துக்கு நேரே கையை வீசிப் பார்த்தார்.

"அதை எங்கே வாங்கலாம்?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் மலை ஏறி இறங்கினா ஆருக்கும் சீனி இறங்கும்தானே!" குசினிக்குள்ளிருந்து இராசமலர் தமிழில் கத்தினாள்.

மடுத்தீன் அதை மொழிபெயர்க்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரூ காய்க்கு இறங்கினார். ஃபாத்திஹாவுக்கு நாலு விசிறி, தனக்கு ஆறு.