‘ஆ’ வரிசைக்கான அட்டை

2024 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. மேகம் கவிந்திருந்தது, காற்று அசையவில்லை. தேர்வு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் பகலிலேயே விளக்குகளைப் போட்டிருந்தார்கள். மேசையின் ஒருபுறம் தலைமை மதிப்பீட்டாளர் அமர்ந்திருந்தார். எதிரே செவிலி ஒருத்தி நின்றிருந்தாள். இயக்குநர் தம் நாற்காலியை இருவரிடமிருந்தும் சம தூரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

செவிலிக்கு மருத்துவமனையில் நிரந்தரப் பணி கிடைத்திருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறிய சான்றை அன்று மாலைக்குள் காட்டாவிட்டால் அது கைநழுவிப் போகும். அவள் இரண்டு மதிப்பெண் குறைவில் தவறியிருந்தாள்; மறுபடி திருத்தக் கேட்டு மனு கொடுத்திருந்தாள்.

தலைமை மதிப்பீட்டாளர் அவளுடைய கணவனின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டின் மாடியிலும் கீழுமாக இருவரும் குடியிருந்தார்கள்; அடுப்பு பிரிந்தபோதே பேச்சும் நின்றுவிட்டது. இந்த உறவைச் சொல்லி, தன்னை விசாரணையிலிருந்து விலக்கும்படி அவர் கேட்டிருந்தார். வேறு ஆள் இல்லை என்று இயக்குநர் மறுத்துவிட்டார். அலுவலகத்தில் தலைமை மதிப்பீட்டாளருக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர். அவர் பேசி முடித்த பிறகு எவரும் தொடர்ந்ததில்லை.

“நாற்காலி காலியாத்தான் இருக்கு. அதுல உக்கார்றதுக்கும் மனு போடணுமா?” என்றார் முற்றுப்புள்ளி.

“போட்டா அதையும் நீங்கதானே திருத்துவீங்க, மேடம்.” செவிலி உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் ‘அக்கா’ என்றுதான் அழைத்தாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “வீட்டுச் சண்டைய வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கலாம்மா.”

“வீட்டுல நாங்க பேசறதே இல்ல சார். இங்கதான் வாய்ப்பு கெடைச்சிருக்கு.”

வழக்கு, தேர்வின் நான்காம் பகுதியைப் பற்றியது. அதில் ‘ரவுண்ட்’ என்ற ஒரே சொல் ஐந்து வாக்கியங்களில் வரும். மருத்துவர் காலையில் முடிக்கும் ரவுண்ட் பெயர்ச்சொல். ரவுண்ட் மேசையில் அது பெயரடை. கப்பல் முனையைச் சுற்றி வருகையில் வினைச்சொல். கட்டிலைச் சுற்றித் திரை தொங்குகையில் முன்னிடைச்சொல். ஒருவர் திரும்பிப் பார்க்கையில் வினையடை. சொல் மாறுவதில்லை, நிற்கும் இடம்தான் அதற்கு வேலை கொடுக்கிறது. வாக்கியந்தோறும் உரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும்.

“அஞ்சுக்கு பூஜ்யம்,” என்றார் முற்றுப்புள்ளி. “கண்ண மூடிக்கிட்டு நிரப்பினாலும் ஒண்ணாவது தேறும்.”

“நான் கண்ணத் தெறந்துதான் எழுதினேன். தெனமும் டாக்டர் பின்னாடி ரவுண்ட் போறவளுக்கு அது என்ன சொல்லுன்னு தெரியாதா?”

“பின்னாடி போறதுக்கு இலக்கணம் வேண்டாம். கால் இருந்தா போதும்.”

“வாக்கியத்தப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.”

“நாங்க வாக்கியம் படிக்கிறதில்ல.”

அது உண்மை. சரியான வட்டங்கள் வரும் இடங்களில் மட்டும் துளையிட்ட அட்டையை விடைத்தாளின்மேல் வைத்து, துளைகளில் தெரியும் கருமையை எண்ணுவதே அங்கே முறை. பதிவெண்கூட அட்டையின் கீழே மறைந்துவிடும். தயவு தாட்சண்யம் நுழையக் கூடாது என்பதற்காக அவரே வகுத்த முறை அது.

“அட்டைக்கு அக்கா தங்கச்சி தெரியாது,” என்றார்.

“கண்ணும் தெரியாது.”

வினாத்தாளில் ‘அ’, ‘ஆ’ என இரண்டு வரிசைகள்; செவிலி எழுதியது ‘ஆ’. முற்றுப்புள்ளி அந்த வரிசைக்கான அட்டையை எடுத்து விடைத்தாளின்மேல் பொருத்தினார். நான்காம் பகுதியில் ஐந்து துளைகளும் வெறுமையாக இருந்தன. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய விடைகளை இயக்குநர் காதில் விழும்படி வாசித்துக் காட்ட அவர் விரும்பினார். அட்டையை அகற்றி, ‘ஆ’ வரிசை வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“முதல் வாக்கியம், கட்டில், திரை. இவங்க எழுதினது முன்னிடைச்சொல்.” நிறுத்தினார். மீதி நான்கையும் வாய்விட்டு வாசிக்கவில்லை.

ஐந்தும் சரி.

‘அ’ அட்டையை எடுத்து ‘ஆ’ அட்டையின்மேல் வைத்து விளக்கை நோக்கிப் பிடித்தார். எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் வந்தது. பார்த்தெழுதுவதைத் தடுக்க, ‘ஆ’ தாளில் அந்த ஐந்து வாக்கியங்களின் வரிசையை மட்டும் முழுதும் மாற்றியிருந்தார்கள். சென்ற ஆண்டு துளைகள் மயிரிழை விலகியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை; எனவே இம்முறை இரண்டு அட்டைகளையும் அடுக்கி, ஒரே அழுத்தில் தாமே துளையிட்டிருந்தார். துளைகள் பிசகாமல் பொருந்தின; ஆனால் இரண்டிலும் இருந்தவை ‘அ’ தாளின் விடைகள். அந்தப் பகுதியில் ‘ஆ’ வரிசைக்காரர்களில் விடை தெரியாதவர்களுக்கே மதிப்பெண் கிடைத்திருக்கக்கூடும்.

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். “இவங்களுக்கு மட்டும் அஞ்சப் போட்டு அனுப்பிடுங்க. விஷயம் இந்த அறையோட போகட்டும்.”

“மத்தவங்க?” என்றார் முற்றுப்புள்ளி.

“அவங்க யாரும் கேக்கலயே.”

“எனக்கு அது போதும். மாலைக்குள்ள கைக்கு வரணும்,” என்றாள் செவிலி.

“உனக்குப் போதும்னுதான் தெரியுமே. மாடிக்குத் தண்ணி வந்துட்டா கீழ வருதான்னு என்னைக்குக் கேட்டிருக்க?”

“மோட்டார் சுவிட்ச் உங்க பக்கம். நான் எதுக்குக் கேக்கணும்?”

முற்றுப்புள்ளி எழுதத் தொடங்கினார். செவிலி தேறினாள்; ‘ஆ’ வரிசைத் தாள்கள் அனைத்தும் மீண்டும் திருத்தப்படும்; பிழை அட்டையினுடையது, அட்டை என்னுடையது. ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினார்.

“கையெழுத்துப் போட்டா அடுத்த வருஷம் இந்த நாற்காலி உங்களுக்கு இல்ல,” என்றார் இயக்குநர்.

“தெரியும் சார்.” கையெழுத்திட்டார்.

“எனக்காக விட்டுக்குடுத்ததா வீட்டுல சொல்லிடாதீங்க,” என்றாள் செவிலி.

“உனக்காக ஒரு காற்புள்ளிகூட விட்டுக்குடுக்க மாட்டேன். பதிவெண்ணப் பாத்துக்கோ.”

செவிலி இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தாள். பிறகு நன்றி சொல்லாமல், மை காயாத இடத்தில் விரல் படாதபடி, தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.