வெட்டுக்கிளியின் ஒழுகாத ஷூ

நாத்தனார்கிட்ட வாயைக் கொடுத்தா வம்புன்னு தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன். "தண்ணி சமாச்சாரம்தானே? என்கிட்ட விடு"ன்னுட்டேன்.

எங்க பிழைப்பே தண்ணியோட மல்லுக்கட்டறதுதான். மொட்டைமாடி ஒழுகுது, பாத்ரூம் சுவர் ஊறுதுன்னு யார் கூப்பிட்டாலும் நானும் என் வீட்டுக்காரரும் வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவோம். எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறது நான். அங்கே பூச்சு பூசி அடைக்கறது அவர். அவரோட தங்கச்சிதான் என் நாத்தனார், எங்களோடதான் இருக்கா. குச்சிக் காலு, ஒரு இடத்துல நிக்க மாட்டா. கல்யாணமாகி வந்த புதுசுலயே அவளுக்கு வெட்டுக்கிளின்னு பேர் வெச்சேன். பதிலுக்கு அவ எனக்கு வெச்ச பேரை இங்கே சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. லீவு கிடைச்சா மலைப்பாதையில ஓட்டம். அவளுக்கு ஒரே ஆசைதான். மலையில வழி தவறினவங்களையும் காலை ஒடிச்சுக்கிட்டவங்களையும் தேடிப் போய்க் கொண்டுவர்ற மீட்புக் குழுவுல சேரணும். அதுக்கு மழைக்காலத்துல ஒரு ஓட்டம் வைப்பாங்க. மலையைச் சுத்தி ஓடி, அடிவாரத்துல மணி அடிக்கறதுக்குள்ள வந்து சேரணும். போன மழைக்கும் ஓடினா. பாதி வழியில ஷூவுக்குள்ள பாதம் ஊறிப் போய், குதிகால் தோல் உரிஞ்சு, உக்காந்துட்டா. மத்தவங்களை மீட்கப் போறேன்னு கிளம்பினவளை அந்தக் குழுவே ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்துச்சு. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அவளும் கூடச் சிரிச்சா. அப்புறம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அவ அழுதது எனக்கு மட்டும் கேட்டுது. இந்தத் தடவையும் விட்டா இனிமே கூப்பிட மாட்டோம்னு குழுத் தலைவி கறாரா சொல்லிட்டாங்களாம்.

அதனாலதான் இந்த வருஷம் ரெண்டு ஷூ டப்பாவோட வந்து நின்னா.

"அண்ணி, இது வாட்டர்ப்ரூஃப். துணிக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல ஒரு படலம் வெச்சிருக்கானாம், வெளித் தண்ணி உள்ளே வராதாம். இது வெறும் வலைத்துணி, காத்தும் போகும் தண்ணியும் போகும். கடைக்காரர் முதல்ல அதைச் சொன்னார், அப்புறம் இதைச் சொன்னார், கடைசியில உங்க இஷ்டம்னுட்டார். ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணைத் திருப்பிக் கொடுக்கலாம், நனைக்காம இருந்தா."

நனைக்காம எப்படித் தெரியும்? நல்ல கூத்து.

நாங்க ஒரு மாடியை அடைச்சு முடிச்சதும் என்ன செய்வோம்னா, தண்ணி போற குழாய் வாயைத் துணி வெச்சு அடைச்சு, மாடி முழுக்கத் தண்ணி கட்டி விட்டுடுவோம். மறுநாள் கீழ்வீட்டுக் கூரையில பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. குளம் கட்டறதுன்னு பேரு. ஷூவுக்கும் அதையே செஞ்சேன். ரெண்டு ஷூவையும் தனித்தனியாப் பழைய பேப்பர் மேல வெச்சு, சொம்புல மொண்டு வாய் வரைக்கும் ஊத்தினேன். வெட்டுக்கிளி "ஐயையோ"ன்னு கத்துறதுக்குள்ள ஊத்தி முடிச்சாச்சு.

வலை ஷூ குடிச்ச தண்ணியை அப்படியே கக்கிடுச்சு. பேப்பர் கூழாப் போச்சு. வாட்டர்ப்ரூஃப் ஷூ இருக்கே, ராஜா! மறுநாள் காலையில பார்த்தா தண்ணி ஊத்தின மட்டத்துலயே நிக்குது. அடியில பேப்பர் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கு.

"பார்த்தியா? இதுதான் ஷூ. அது சல்லடை"ன்னேன்.

"நீங்க சொன்னா சரி அண்ணி"ன்னா.

அவ அப்படிச் சொன்னதுதான் என்னை உறுத்திச்சு. எதிர்த்துப் பேசுற வாய் அது. நம்பிட்டா பாவம்.

ரெண்டையும் கவுத்து பால்கனியில காயப் போட்டேன். சாயங்காலம் எடுத்தா வலை ஷூ சுத்தமாக் காய்ஞ்சிருக்கு. ராஜா ஷூவுக்குள்ள கையை விட்டா இன்னும் சொதசொதங்குது, நாத்தம் வேற. இது என்னடா அதிசயம்? ஒழுகாதது ஈரமா இருக்கு, ஒழுகினது காய்ஞ்சு கிடக்கு. ஒழுகுற வீட்டுக்குப் போனா என் முதல் கேள்வி, தண்ணி எந்த வழியா வருதுங்கறதுதான். அந்தக் கேள்வியை ஷூவைப் பார்த்து நான் கேட்கவே இல்லையே! திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஷூவுலயே பெரிய ஓட்டை எது? கால் நுழையற ஓட்டை. அதை எந்தப் படலம் அடைக்கும்?

அதுக்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளலை. ராஜா ஷூ ஒருவழியாக் காய்ஞ்சு முடிஞ்ச அன்னிக்கு, "வெட்டுக்கிளி, இடது கால்ல இதைப் போடு, வலது கால்ல அதைப் போடு"ன்னு சொல்லி, குடியிருப்புக்குப் பின்னாடி இருக்கற மைதானத்துக்கு இழுத்துட்டுப் போனேன். நல்ல தூறல். வாட்டர்ப்ரூஃப் கால் சாம்பல் கலர், வலை ஷூ கால் ஆரஞ்சு. நாயைக் கூட்டிட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கே! நாயும் அப்படித்தான் பார்த்துச்சு.

முதல்ல ஈரப் புல்லுல ஓடவிட்டேன். ஓடி வந்து ஷூவைக் கழட்டினா, வாட்டர்ப்ரூஃப் போட்ட கால் சாக்ஸ் காய்ஞ்சே இருக்கு. வலை போட்ட கால் நனைஞ்சிருக்கு. எனக்குத் தலை நிமிர்ந்துச்சு.

"சரி, இப்ப அந்த மழைநீர்க் கால்வாயில இறங்கு."

"முழங்கால் வரைக்கும் இருக்கு அண்ணி."

"மலையில ஓடை இல்லையா? இறங்குடீ."

இறங்கினா, ஏறினா, ஓடினா. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, ரெண்டு காலும் தொப்பல். ஆனா வலை ஷூ நாலு எட்டு வைக்கறதுக்குள்ள தண்ணியை எல்லாம் துப்பிட்டு லேசாயிடுச்சு. இன்னொண்ணு சளக் சளக்னு மைதானம் முழுக்கச் சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சு. உள்ளே போன தண்ணிக்கு வெளியே வர வழியில்லை. கழட்டிப் பார்த்தா அந்தக் கால் பாதம் மட்டும் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்துச்சு.

"அண்ணி, போன வருஷம் எனக்கு இப்படித்தான் ஆச்சு. அப்பவும் நான் போட்டிருந்தது வாட்டர்ப்ரூஃப்தான்"ன்னா மெதுவா.

"இதை ஏன்டீ மொதல்லயே சொல்லலை?"

"அது மலிவு, அதான் ஒழுகிடுச்சுன்னு நினைச்சேன்."

ஒழுகினதால வந்த வினை இல்லை அது, ஒழுகாததால வந்தது. ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க, நாங்க ரெண்டு பேரும் ஆழம் கேட்காமலே ஷூ பார்த்திருக்கோம். அங்கேயே குழுத் தலைவிக்குப் போன் போடச் சொன்னேன். வெறும் ஈரப் புல்லுன்னா வாட்டர்ப்ரூஃப் நல்லதுதான், ஆனா இந்தப் பாதையில மேலே போகப் போக ஓடைதான், இறங்காம தாண்டவே முடியாதுன்னாங்க. சரி, வலை ஷூதான்னு முடிவாச்சு.

ராத்திரிச் சாப்பாட்டுல வீட்டுக்காரர் கேட்டார், "வலை ஷூ ஒழுகுமேம்மா?"

நான் குளம் கட்டின லட்சணத்தை எல்லாம் அவர்கிட்ட விளக்கணுமா? மானம் போயிடும். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, அவ அதைத்தான் போடுவா"ன்னு வாயை அடைச்சுட்டேன். அதோட விட்டிருந்தா மனுஷன் என் வீட்டுக்காரரே இல்லை.

ஓட்டத்தன்னிக்குக் காலையில வெட்டுக்கிளி பால்கனியில இருந்து போட்ட அலறல்ல நான் பல் விளக்கற பிரஷ்ஷோட ஓடினேன். ஆரஞ்சு ஷூ சாம்பல் கலர்ல நிக்குது. மாடிக்குப் பூசுற பூச்சு. வெளியில ரெண்டு கோட்டிங், உள்ளேயும் வழிஞ்சு இறுகிக் கல்லாக் கிடக்கு. காலே நுழையாது.

அவர் பெருமையா வந்து நின்னார். "நேத்து நீங்க கடைக்குப் போனப்ப அடிச்சேன். இனிமே சொட்டுத் தண்ணி உள்ளே போகாது. என் தங்கச்சி கால் இந்தத் தடவை ஊறக் கூடாது பாரு. அஞ்சு வருஷத்துக்குக் கேரண்டி."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதுன்னா இதுதான். திட்டலாம்னு வாயைத் திறந்தேன். அவர் விரல் இடுக்குல எல்லாம் அந்தச் சாம்பல் பூச்சு ஒட்டியிருந்துச்சு. ஓரம் விடாம, தையல் விடாம, சின்ன பிரஷ்ஷால உக்காந்து பூசியிருக்கார். திட்ட வரலை. என் வாய்க்கொழுப்பால வந்தது, நான் யாரைத் திட்டறது?

வெட்டுக்கிளி தரையில உக்காந்துட்டா. "பழைய ஷூ கிழிஞ்சுபோச்சு, கடை திறக்க நேரமாகும். ஸ்ட்ரெச்சருக்கே நேராச் சொல்லிடலாம் அண்ணி"ன்னா. சிரிக்கப் பார்த்தா, முடியலை.

வாட்டர்ப்ரூஃப் ஷூவைக் கையில எடுத்தேன். குளம் கட்டி முடிச்சா கடைசியா என்ன செய்வோம்? குழாய் வாயில வெச்ச துணியை எடுப்போம். எடுக்க மறந்தா எவ்வளவு நல்ல மாடியும் அடுத்த மழைக்குக் குளம்தான். இந்த ஷூ செஞ்சவன் குழாய் வெக்கவே மறந்துட்டான், அவ்வளவுதானே.

"ஏங்க, வேன்ல இருக்கற டிரில்லைக் கொண்டாங்க. மெல்லிசு பிட்டோட."

"புது ஷூம்மா!"

"கொண்டாங்கன்னா."

வெட்டுக்கிளி என்னையே பார்த்தா. "போன வாரம் ஒழுகாததுதான் ஷூன்னீங்க. இன்னிக்கு ஒழுகணும்ங்கறீங்க. எந்த அண்ணியை நான் நம்பறது?"

"இந்த வார அண்ணியை."

அவர் ஷூவை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். உள்ளங்கால் வளைவுகிட்ட, அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டேன். எத்தனை ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிச்ச கை! ஓட்டை போட்டு இதுவரைக்கும் பழக்கமில்லை. பிசிறை எல்லாம் நெருப்புல வாட்டித் தேய்ச்சு, சொம்புல தண்ணி மொண்டு ஊத்தினேன். ஓட்டைக்கு ஓட்டை பீச்சி அடிச்சுது. வெட்டுக்கிளி வாங்கிக் கால்ல மாட்டினா.

அடிவாரத்துல மழை பிச்சு உதறுது. ஒரே குடைக்குள்ள நானும் அவரும். ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க, இவளைக் காணோம். குழுத் தலைவி மணிக்கயித்தைக் கையில பிடிச்சாச்சு. ஓட்டை வழியா மண்ணு போயிருக்குமோ, கல்லு போயிருக்குமோ, என் அதிகப்பிரசங்கித்தனத்தால அவ எங்கேயாவது உக்காந்துட்டாளோன்னு எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. ஸ்ட்ரெச்சர் நிக்கற பக்கமே நான் திரும்பலை.

அப்ப வளைவுல குச்சிக் காலு ரெண்டு தெரிஞ்சுது.

சேறு தலை வரைக்கும். ஆனா நொண்டலை. ஒவ்வொரு எட்டுக்கும் ஷூவோட பக்கத்துல இருந்து தண்ணி பீச்சுது, இடது, வலது, இடது, வலது. வந்தா, எங்களைத் தாண்டினா, முடியற கோட்டைத் தாண்டினா. அப்புறம்தான் மணி அடிச்சுது.

குடை எங்கே போச்சுன்னே தெரியலை. நான் அழுதுட்டேன், அதுல என்ன வெட்கம். வீட்டுக்காரர் மட்டும் பழக்க தோஷத்துல குனிஞ்சு ஷூவையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"ஒழுகுதும்மா"ன்னார்.

"ஒழுகட்டும் விடுங்க"ன்னேன்.