"இல்லைன்னு எழுதுங்க"

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிவந்து, பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் சென்டர் அது. அங்கே அவளுக்குப் பென்சிலக்கா என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கேட்கிற பிள்ளைக்கு உருவிக் கொடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகிக்கொள்வாள். பிள்ளைகள் வைத்த பெயரைப் பெற்றோரும் பிடித்துக்கொண்டார்கள், சென்டரை நடத்திய மேடமும் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக மூன்று மணிக்கு வேன் கதவைத் திறந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி இறக்குவது பென்சிலக்காதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மருந்துக்கடைக்காரம்மாவின் மகள், ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். உள்ளே ஓடிவிட்டாளோ என்று கழிவறை வரை தேடிவிட்டு வந்தால், வேன் அதற்குள் கட்டிடத்துக்குப் பின்னால் போய் வெயிலில் நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. கடைசி இருக்கையில் குழந்தை.

வேன் ஓட்டுகிறவன் மேடத்தின் சொந்தத் தம்பி. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிழலில் நின்றான்.

"சீட்டு பூரா ஜூஸைக் கொட்டிட்டா. கொஞ்ச நேரம் உள்ளயே கிடக்கட்டும், அப்பதான் புத்தி வரும்."

"தம்பி, வெயிலைப் பாருங்க. கதவைத் திறங்க."

"உங்க வேலையைப் பாருங்கக்கா."

அவள் கண்ணாடியில் தட்டிக்கொண்டே நின்றாள். குழந்தை முதலில் அழுதது, பிறகு அழவில்லை. அதைப் பார்த்துத்தான் பென்சிலக்கா கத்த ஆரம்பித்தாள். கத்தல் தெருவுக்குக் கேட்டுவிடுமோ என்று அவன் வந்து திறந்தான். குழந்தையின் உடுப்பு வேர்வையிலும் மூத்திரத்திலும் நனைந்திருந்தது.

அன்றைக்கே மேடத்திடம் சொன்னாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை, என்கிட்ட சொன்னீங்க. வேற யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்லைங்க மேடம்."

"அவனை நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் மருந்துக்கடைக்காரம்மா வந்தபோது, மாற்று உடுப்பில் நின்ற குழந்தையைக் காட்டி, "ஜூஸ் கொட்டிட்டா" என்று மட்டும் சொல்லிப் பென்சிலக்கா அனுப்பிவைத்தாள்.

பத்து நாள் கழித்து அதே குழந்தையை அவன் மறுபடியும் பூட்டினான். இந்த முறை பென்சிலக்கா நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். "இன்னொரு தடவை நடந்தா அவங்கம்மாகிட்ட சொல்லிடுவேங்க மேடம்" என்றாள். மேடத்தின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை எல்லா ஊழியர்களுக்கும் ஒரு படிவம் வந்தது. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் போலீஸ் சான்று வாங்க வேண்டும் என்ற விதி வெகுநாளாக இருக்கிறதாம், இனி கறாராம். ஒன்பதாவது கேள்வி, உங்கள் மேல் எப்போதாவது வழக்கு இருந்திருக்கிறதா என்பது.

பென்சிலக்காவின் மேல் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன், குடிவெறியில், இரண்டு வயது மகளைத் தூக்கி மொட்டைமாடிச் சுவருக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றான். அவள் குழந்தையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையிலிருந்த காய் நறுக்கும் கத்தியை அவன் தோளில் இறக்கினாள். எட்டு மாதம் சிறை. மகள் அதுவரை பெரியம்மா வீட்டில் இருந்தாள். வெளியே வந்ததும், அப்பா விபத்தில் போய்விட்டார், அம்மா வெளியூரில் வேலைக்குப் போயிருந்தேன் என்று மகளுக்கு ஒரு கதை கட்டினாள். அந்தக் கதையிலேயே மகள் வளர்ந்து, இப்போது கல்லூரியில் நர்ஸிங் படிக்கிறாள்.

உண்மையை அவள் வெளியில் சொன்னது ஒரே ஒருத்தியிடம். வேலை கேட்டுப் போன அன்று மேடத்திடம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று அன்றைக்கு மேடம் சொன்னதை, சாமி சொன்னதுபோல வைத்திருந்தாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அந்த மேடத்திடமே போனாள்.

"இல்லைன்னு எழுதுங்க" என்றாள் மேடம், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போலீஸ்ல தெரிஞ்சிடாதுங்களா?"

"தெரிஞ்சா பேப்பர் யார்கிட்ட வரும்? என்கிட்டதானே? கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன். நீங்களே இருக்குன்னு எழுதிட்டீங்கன்னா ஃபைல்ல ஏறிடும். அப்புறம் நானே நினைச்சாலும் காப்பாத்த முடியாது."

அவள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேடம் அதை வாங்கி, ஒரு தடவை படித்துப் பார்த்து, உறைக்குள் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் பெற்றோர் கூட்டம். வீட்டுப்பாட அறையின் குட்டி நாற்காலிகளில் நாற்பது பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேடம் முதலில் தம்பியின் சான்றைத் தூக்கிக் காட்டினாள்.

"என் கூடப்பிறந்தவன்னு நான் விட்டுடலை. சுத்தமா வந்திருக்கு."

கை தட்டினார்கள். பிறகு மேடம் இன்னொரு தாளை எடுத்தாள். குரல் உடைந்தது.

"இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. பதினோரு வருஷம் அக்கா அக்கான்னு நம்பினோம். கத்தியால குத்தின கேஸ். ஜெயில்ல இருந்திருக்காங்க. கேட்ட கேள்விக்கு இல்லைன்னு பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

பால் டம்ளர்களோடு வாசலில் நின்ற பென்சிலக்காவுக்கு முதலில் யாரைப் பற்றிய பேச்சு என்றே புரியவில்லை.

"மேடம், நீங்கதானே எழுதச் சொன்னீங்க? உங்களுக்கு முதல்லயே தெரியுமே!"

"எப்போ சொன்னீங்க? சொன்னதை யார் கேட்டாங்க?"

யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் அவள் வேன் விஷயத்தைச் சொன்னாள். வெயில், பூட்டின கதவு, ஜூஸ் என்று முன்னுக்குப்பின் குழறிக் குழறிச் சொன்னாள். அறையில் ஒருவர் சிரித்தார். மருந்துக்கடைக்காரம்மா எழுந்து நின்றாள்.

"ஜூஸ் கொட்டிட்டான்னு எங்கிட்ட சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க, ஆனா..."

மேடத்தின் தம்பி, அம்மாவோடு வந்திருந்த குழந்தையின் முன்னால் குந்தினான். "கண்ணு, வேன் மாமா உன்னைப் பூட்டி வெச்சேனா?" குழந்தை அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தது. இல்லையென்று தலையாட்டியது.

"இவ கையால பால் குடிச்சிருக்கு என் புள்ள" என்றது ஒரு குரல். பென்சிலக்கா டம்ளர்த் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஒருத்தி வந்து, அவள் கையில் படாமல் தட்டின் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள், கணவனைக் குத்திக் காயப்படுத்திய வழக்கு என்றிருந்த அந்தத் தாளின் படம் பத்துக் கைபேசி மாறி மகளுக்குப் போய்விட்டது.

"அப்பா உயிரோடதான் இருக்காரா?"

"அவர் உன்னை மாடியில இருந்து..." அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதையும் நீதானே சொல்ற" என்றாள் மகள் கடைசியில்.

அன்றிலிருந்து மகள் தனக்குத் தானே சமைத்துக்கொண்டாள். காய் நறுக்கியதும் கத்தியைக் கழுவித் தன் அறைக்குள் எடுத்துப் போய்விடுவாள்.

பென்சிலக்காவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்பு மடிக்கிறவளிடம் யாரும் சான்று கேட்பதில்லை. இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மதியம் மருந்துக்கடைக்காரம்மா அங்கே வந்து நின்றாள். குழந்தை வேனைக் கண்டாலே வாந்தி எடுக்கிறதாம்.

"அன்னிக்கு நீங்க சொன்னது நெஜமா?"

"நெஜம்."

"சரி. வேற சென்டர்ல சேர்த்துட்டேன். நான் வந்து கேட்டதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"மத்த புள்ளைங்க?"

"அவங்கவங்க அம்மா அப்பா பாத்துக்கட்டும்க்கா. எனக்கெதுக்கு வம்பு?"

பென்சிலக்கா அந்த வாரமே, சென்டர்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினாள். வேனில் இன்னும் வருகிற பதினாறு பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதி, நடந்ததை நாள் வாரியாக எழுதினாள். மகளிடம் காட்டி, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டாள். "உன் பேரைப் பார்த்ததுமே மடிச்சு வெச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டு மகள் பாடத்தைப் படிக்கப் போனாள்.

மடித்து வைக்கவில்லை. ஒரு மாதத்தில் பதில் வந்தது. தங்கள் மனு, தக்க நடவடிக்கைக்காக மையத்தின் பொறுப்பாளருக்கே அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.

மறுநாள் வேலையில் இருக்கும்போது கைபேசி அடித்தது.

"பென்சிலக்கா, நல்லா இருக்கீங்களா?" மேடத்தின் குரல் பழையபடி மெத்தென்று இருந்தது. "உங்க லெட்டர் வந்துது. படிச்சேன். எவ்வளவு அழகான கையெழுத்து உங்களுக்கு!"

அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு இந்த வருஷம் படிப்பை முடிக்கறாளாமே. ஆஸ்பத்திரி வேலைக்கெல்லாம் இப்போ குடும்பத்தைப் பத்தியும் விசாரிக்கறாங்க. யாராவது என்கிட்ட கேட்டா, நான் நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்னுதான் நினைக்கறேன். நீங்க என்னை அப்படிச் சொல்ல விடணும் இல்லையா? இனிமே லெட்டர் எழுத மாட்டீங்கதானே?"

சலவை இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மடிக்க இன்னும் ஒரு வண்டி விரிப்பு கிடந்தது. பக்கத்தில் நின்றவள், யார் என்று சைகையால் கேட்டாள்.

"சரிங்க மேடம்" என்றாள் பென்சிலக்கா.